பேர் வெட்டிய கம்பி

1

ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சபைப் பத்திரிகையை நடத்துகிற ஆசிரியர் போன வருஷமே எனக்கு எழுதியிருந்தார். சீமையில் பௌதிகம், உலோகம், யந்திர சாஸ்திரம், வைத்தியம் என்று என்னென்னவோ ஆராய்கிறார்களாம், நீங்களும் அதில் இருக்கிறீர்கள், நம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து நாலுக்கு ஆறு பக்கமாக எழுதினேன். ஷெஃபீல்டு நகரத்து எஃகு உலைகள், எங்கள் சோதனைச்சாலையின் யந்திரங்கள், அதில் எனக்கென்று இருக்கும் மேஜை, மேஜைமேல் இருக்கும் பூதக்கண்ணாடி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால் அதில் தம்பட்டச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கிழித்துக் கணப்பில் போட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு. இதற்குக் காரணம் என் மகள் ரூத்தின் சக்கரச் செருப்பு.

இங்கே பிள்ளைகள் அடியில் நாலு இரும்புச் சக்கரம் வைத்த தகட்டைப் பூட்ஸோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தெருவில் வழுக்கி ஓடுகிறார்கள். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ரூத் அதைக் கேட்டாள்; வாங்கிக் கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் மாற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று, என் பெட்டியிலிருந்த சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்தத் தகட்டில் தன் பேரை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தேன். ஓடிப்போய் உளியைப் பிடுங்கி அவள் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். அதுவரை அவளை நான் தொட்டு அடித்ததில்லை.

அவள் அழவில்லை. என் பேரைத்தானே எழுதினேன், யார் பேரையும் திருடவில்லையே என்று இங்கிலீஷில் கேட்டாள். அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி மார்கரெட் என் முகத்தையும் பிள்ளையின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பேர் வெட்டியதால் அந்தத் தகட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பே.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் மார்கரெட்டிடம் சொல்லாத ஒரு விஷயத்தை அன்று சாயங்காலம் சொன்னேன். இங்கிலீஷில் சொல்வது சுலபமாக இருந்தது. யாரோ ஒருத்தருக்கு நடந்ததைப் போலச் சொல்லி முடித்துவிட்டேன். ரூத்துக்குத் தமிழில் வா, போதும், சாப்பிடு என்று மூன்று வார்த்தைதான் தெரியும். அதற்குமேல் கற்றுக்கொடுக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். தமிழ் பேசினால் எனக்கு ஊர் ஞாபகம் வரும், ஊர் ஞாபகம் வந்தால் என் தங்கை ஞாபகம் வரும். உண்மைக் காரணம் அதுதான்.

2

என் தங்கை பேர் ஞானப்பூ. இதைப் படிக்கிற உங்களில் சிலர் ஒன்றாம் வகுப்பில் அவளிடம் அ, ஆ எழுதியவர்களாகவே இருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாலு வயதில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டபோது வலது காலின் பலமும் விட்டுப் போயிருந்தது. இளம்பிள்ளை வாதம். அதன் பிறகு வலது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் குனிந்து குனிந்து நடப்பாள். பதினெட்டு வயதுவரை தெருவில் எதிரே வருகிறவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. தரையைத்தான் பார்த்தாள்.

நான் அப்போது பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு அரவை பாக்டரியில் யந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போனபோது அங்கிருந்த ஒரு புத்தகத்தில் கால் கம்பியின் படத்தைப் பார்த்தேன். காலின் இரண்டு பக்கமும் இரண்டு எஃகுப் பட்டை. தொடையில் ஒரு தோல்வார், முழங்காலில் ஒரு தோல்வார். கீழே பூட்ஸின் குதிகாலில் சொருக வளைத்த முனை. அவ்வளவுதான். லண்டனிலிருந்து வர வேண்டும், ஒரு வருஷம் ஆகலாம் என்றார் டாக்டர். இதைச் செய்ய லண்டன் எதற்கு என்று நினைத்தேன்.

பாக்டரி பிட்டர் சுப்பராஜுவும் நானும் சேர்ந்து செய்தோம். இரும்பு சாதாரணமாக இருக்கக்கூடாது என்று தேடி, உடைந்த பஸ் ஒன்றின் பட்டை வில்லைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைவிட நல்ல எஃகு எங்கள் ஊரில் இல்லை. உலையில் காய்ச்சி நிமிர்த்தி, அராவி, மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தோம். மாட்டி நிறுத்தியபோது சுப்பராஜு, "பாகுந்தி சார், பாகுந்தி" என்று, நன்றாயிருக்கிறது என்பதைத் தன் வீட்டுத் தெலுங்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞானப்பூ முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிமிர்ந்தே நடந்தாள். பிறகு நின்று தன் கைகளைப் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு கைக்கும் இப்ப என்ன வேல குடுக்கன்னே தெரியல" என்றாள்.

என் ஆயுசில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மாதம் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சீர் பாத்திரங்களை அடுக்கியபோது ஞானப்பூதான் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் வெட்டியிருந்த பேரைத் துடைத்து, வாசித்து வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு சொம்பு வாங்கினால்கூடப் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது. "பொம்பளப்பிள்ள பேரு பாத்திரத்துலதாம்லே நிக்கும்" என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் ஞானப்பூ என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு யாரும் குடமும் கொப்பரையும் வாங்கி அடுக்கப் போறதில்லண்ணே. இந்தக் கம்பில எம் பேர வெட்டிக் குடுங்க. இது என்னைய விட்டு எங்கயும் போகாதுல்லா."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவரிடம் வெளிப்பக்கத்துப் பட்டையைக் கழற்றிக் கொண்டுபோனேன். முழங்கால் வாருக்குச் சற்றுக் கீழே, பார்க்கிறவர் கண்ணில் படுகிற இடத்தைக் காட்டினேன். அவர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பித்தளை என்றால் சொன்ன பேச்சுக் கேட்கும், இது முரட்டு இரும்பு, மேலாக வெட்டினால் நாலு மாதத்தில் தேய்ந்துவிடும் என்றார்.

"ஆழமாவே வெட்டுங்க. அழியக் கூடாது" என்றேன்.

இரண்டு தடவை உளியைத் தீட்டிக்கொண்டு வெட்டினார். 'ஞா' எழுத்தின் சுழி பட்டையின் விளிம்பு வரைக்கும் போயிற்று. அழகாக இருந்தது. பௌதிகம் படித்தவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

அந்தக் கம்பியோடு நடந்துபோய் ஞானப்பூ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆனாள். கம்பி செய்து நாலு வருஷம் கழித்து, மிஷன் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு சிபாரிசில் எனக்கு இந்த ஊர் சோதனைச்சாலையில் உதவியாளன் வேலை கிடைத்தது. வந்த முதல் நாள் காலையில், நான் தங்கியிருந்த வீட்டு அம்மாளிடம் 'போயிட்டு வாரேன்' என்பதை அப்படியே இங்கிலீஷாக்கிச் சொல்லிவிட்டுப் போனேன். அந்த அம்மாள், இதோ வந்துவிடுவான் என்று சாயங்காலம்வரை டீயை மூன்று தடவை சுடவைத்துக் காத்திருந்தாள். இப்படிப் பலது நடந்தது. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

எங்கள் வேலை என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது சுலபம். அதில் பாதி பாரம்கூட இல்லாமல், திரும்பத் திரும்ப வளைத்து வளைத்து விட்டால் எத்தனையாவது தடவையில் ஒடியும் என்று எண்ணுவது எங்கள் ஆராய்ச்சி. குடைக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பீர்களே, அதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வளைவு, லட்சக்கணக்கான தடவை. இதற்கு இங்கே உலோகத்தின் களைப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். யந்திரம் இரவு பகலாக ஓடிக்கொண்டே எண்ணும். கம்பி ஒடிந்ததும் நின்றுவிடும். முதல் கம்பி ஒடிந்தபோது நான் என்னை அறியாமல் "ஒடிஞ்சு போச்சு" என்று கத்திவிட்டேன். என் பக்கத்து மேஜைக்காரன் ஹாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கம்பி ஒடிந்தாலும் அவன் அதையே சொல்வான்.

இரண்டாம் வருஷம் ஒருநாள், ஒரே எஃகில் செய்த கம்பிகளில் சில மட்டும் சீக்கிரமே ஒடிந்தன. ஏன் என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டோர்க்காரர் அடையாளத்துக்காக எண் குத்தியிருந்த இடத்திலேதான் எல்லாம் ஒடிந்திருந்தன. என் மேலதிகாரியிடம் காட்டினேன். கீறல் இருக்கிற இடத்தில்தான் விரிசல் பிறக்கும், எஃகு எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்கு இந்தக் கஷ்டமும் அதிகம், சாதா இரும்பாவது கொஞ்சம் பொறுத்துப் போகும் என்றார். உலகத்துக்கு இது பழைய செய்தி. எனக்குப் புதிது.

நின்ற இடத்திலேயே எனக்கு அந்தக் கால் கம்பி கண்ணில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே, 'ஞா'வின் சுழி.

அவள் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அடி நடக்கிறாள் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல். அவள் மாட்ட ஆரம்பித்து அப்போது ஆறாவது வருஷம். வியர்வையும் துருவும் வேறு. எழுத்துப் பள்ளத்தில் ஊறிக்கொண்டே இருக்கும்.

உடனே ஊருக்கு எழுதியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மைதானா என்று பரீட்சை செய்தேன். வில்லுப்பட்டை எஃகிலேயே கம்பிகள் வாங்கி, பன்னிரண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றினேன். இன்னும் பன்னிரண்டில் அதே ஆழத்துக்கு அவள் பேரை வெட்டினேன். வேறு எழுத்தை வெட்டியிருக்கலாம். அதே பேர் இருந்தால்தான் பரீட்சை சரியாக இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மெருகேற்றியவை ஓடிக்கொண்டே இருந்தன. பேர் வெட்டியவை ஒவ்வொன்றாக ஒடிந்தன. பெரும்பாலும் முதல் எழுத்திலேயே. ஒவ்வொரு தடவையும் ஹாரி உற்சாகமாக "ஒடிஞ்சு போச்சு" என்றான். என் தங்கை பேரைப் பன்னிரண்டு தடவை ஒடித்துப் பார்த்து, அட்டவணை போட்டு, கட்டுரை எழுதினேன். அது அச்சாயிற்று. அதனால் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்தத் தைரியத்தில்தான் மார்கரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

ஊருக்குக் கடிதம் எழுதவில்லையா என்றால், எழுதினேன். 'அன்புள்ள தங்கை ஞானப்பூவுக்கு' என்பதற்குக் கீழே மூன்று வரி எழுதி மடித்து வைத்துவிட்டேன். அம்மா பயந்து, அவளை நடக்கவே விடமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் லீவு கிடைக்கும், புதிதாக ஒன்று செய்து கையோடு கொண்டுபோய் மாட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்றும் நினைத்தேன். அண்ணன் செய்தது அருமை என்று ஊரே சொன்னதை நானே பொய்யாக்க மனசு வரவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பூசிய சுண்ணாம்பு. என் கட்டுரை தபாலில் பத்து நாட்டுக்குப் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கடிதாசி போகவில்லை.

4

அந்தக் கோடை முடிவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. லீவு ரத்து. எங்கள் சோதனைச்சாலையை ஆகாய விமான வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருவழியாகக் கடிதத்தை முழுதாக எழுதிப் போட்டேன். ஐந்து மாதம் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. தணிக்கை அலுவலகத்தில் தமிழ் படிக்கிறவருக்காக அது காத்துக்கிடந்திருக்கிறது. உலோகம் எங்கே எப்படி ஒடியும் என்பது பற்றி வெளிநாட்டுக் கடிதங்களில் எழுதக்கூடாது என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள். விளக்கம் சொல்ல விரும்பினால் இந்த நம்பர் பாரத்தைப் பூர்த்தி செய்து, இந்தக் கிழமை, இந்த அறைக்கு வரலாம் என்றும் இருந்தது. நான் போகவில்லை.

யுத்தத்தின்மேல் பழியைப் போடுவது எனக்கு வசதி. பல வருஷம் அப்படித்தான் போட்டேன். ஆனால் யுத்தத்துக்கு முன்னால் எனக்கு ஒரு முழு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகும், 'அந்தக் கம்பியை மாட்டாதே, மிஷன் ஆஸ்பத்திரியில் வேறு கேள்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் எந்த அதிகாரி அதை வெட்டியிருக்கப் போகிறார்? ஏன் என்று அவள் கேட்பாள். அந்த ஏனுக்குப் பயந்தேன்.

யுத்தத்தின் இரண்டாம் வருஷம் அவளுடைய கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதத் திரும்பியிருக்கிறாள். டக்கென்று ஒரு சத்தம். யாரோ சிலேட்டைப் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பலகையோடு சேர்ந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கோணலாகக் கூடி, கால் இன்னும் குட்டையாயிற்று. ஒன்றாம் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்த கம்பிய நான் ஒடச்சிப்போட்டேன் அண்ணே. கோவிச்சுக்கிடாதீங்க. வேலைக்குப் போன பொறவு நான் ரொம்ப குண்டாயிட்டேன்னு அம்மா சொல்லுதாவ. எம்புட்டு பாரத்தத்தான் அதுவுந் தாங்கும். இனிமே ராத்திரிக்குச் சோறு வேண்டாம்னு வச்சிருக்கேன்."

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் ஒரு கம்பி ஒடிந்தது. ஹாரி வழக்கம்போல் கையைத் தட்டி, "ஒடிஞ்சு போச்சு" என்றான். நான் எழுந்து கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பதிலில் என்ன எழுதினேன் என்றால், பழைய கம்பிதானே, போகட்டும், கவலைப்படாதே என்று எழுதினேன். உன் பாரத்தால் ஒடியவில்லை என்று எழுதவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முன்னே செய்தது தெரியாமல் செய்த தப்பு, நடுவில் செய்தது கோழைத்தனம். இது என்னவென்று சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அம்மா சாகிறவரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தாள். "ராத்திரியானா ஒரு வாய் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுதா. சொன்னா கேக்க மாட்டேங்கா. நீ ஒரு வார்த்த எழுதுலே, நீ சொன்னா கேப்பா." நானும் எழுதினேன். நன்றாகச் சாப்பிடு, உடம்பு முக்கியம் என்றெல்லாம். காரணம் சொல்லாத புத்திமதியை யார் கேட்பார்கள்? காரணம் சொல்லாமல் அடித்ததை என் மகள் ஏற்றுக்கொண்டாளா?

5

சக்கரச் செருப்பு விவகாரத்துக்கு முந்தைய வாரம்தான் ஞானப்பூவிடமிருந்து புதுக் கடிதம் ஒன்று வந்திருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் அவளுடைய காலைப் பார்த்தாராம். நடப்பது கஷ்டம், ஆனால் சரியான அளவில் ஒரு கம்பி இருந்தால் நிற்கலாம் என்றாராம். "கோயில்ல சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லாரும் எந்திச்சு நிக்காவ. நான் மட்டும் உக்காந்திருக்கேன். செத்த நேரம் நிக்கவாவது ஏலும்னா போதும். நீங்களே ஒண்ணு செஞ்சு அனுப்புங்க. இப்ப நான் எம்புட்டோ மெலிஞ்சிட்டேன், ஒடிக்க மாட்டேன். பழையபடி எம் பேர வெட்டி அனுப்புங்க" என்று எழுதி, டாக்டர் எடுத்த அளவுகளையும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

அந்தக் கடிதம் ஒரு வாரமாக என் பெட்டியில் உளிக்குப் பக்கத்தில் கிடந்தது. ரூத் உளியை எடுக்கும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள்.

கம்பியைச் செய்துவிட்டேன். எங்கள் சோதனைச்சாலையில் கிடைக்கிற துருப்பிடிக்காத எஃகு. முனைகளை உருட்டி, குறுக்குக் கீறல் ஒன்றுகூட இல்லாமல் மெருகேற்றியிருக்கிறேன். முகம் பார்க்கலாம். தோல்வாரை மார்கரெட் தைத்தாள். ரூத் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். கையில் அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தைக்கு என்று சொன்னதும், இதில் ஏன் அத்தை பேர் இல்லை என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் இங்கிலீஷில்தான்.

எஃகு வெளிநாட்டுக்குப் போக அனுமதி வேண்டுமாம். தபாலாபீஸில் சுங்கத்துக்கு அனுப்பினார்கள். சுங்கத்தில், இது யந்திர பாகமா, வைத்திய சாதனமா என்று கேட்டார்கள். வைத்திய சாதனம் என்றால் டாக்டர் கடிதம் எங்கே என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்று ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். இந்தியா இப்போது தனி நாடாகிவிட்டதால் அவருடைய புத்தகத்தில் பக்கம் மாறியிருந்தது. கடைசியில் கிடைத்த பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பொருளின்மேல் வெட்டப்பட்ட எழுத்துகள் அல்லது அடையாளங்கள் ஏதேனும் உண்டா? இல்லை என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. அடுத்து நின்றவர் தொண்டையைச் செருமினார்.

ஆசிரியர் ஐயாவுக்கு: ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி இவ்வளவுதான். பத்திரிகைக்கு இது ஏற்காது என்றால் போடவேண்டாம். இதன் முதல் பிரதி கம்பியோடு அதே பார்சலில் ஞானப்பூவுக்குப் போகிறது. உங்கள் கைக்கு வரும்போது அவள் படித்திருப்பாள்.

ஞானப்பூ, பார்சலைப் பிரித்ததும் நீ முதலில் பேரைத் தேடுவாய். இருக்காது. அண்ணன் மறந்துவிட்டான் என்று நினைக்காதே. பழைய கம்பி உன் பாரத்தால் ஒடியவில்லை. நான் வெட்டச் சொன்ன பேரில் ஒடிந்தது. ஒடியும் என்று எனக்கு மூன்று வருஷம் முன்னாலேயே தெரியும். நீ குண்டாக இருந்தாய் என்பதும் பொய். அந்த எஃகு உன்னைப்போல் நாலு பேரைத் தாங்கும், அளந்து பார்த்தவன் சொல்கிறேன். இத்தனை வருஷமாக நீ வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டது நான் வாயைத் திறந்து சொல்லாததால். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எழுதாவிட்டாலும் சரி.

ஏட்டி, இன்னைக்கு ராத்திரி சோறு தின்னு.